கழற்றி வைக்கிற நிழல்

சூசையம்மாள் மருமகனிடம் நேரில் பேசமாட்டாள். சண்டை கிண்டை எதுவும் இல்லை. அவள் பிறந்த வீட்டு வழக்கம் அப்படி. மாமியார்க்காரி மருமகன் முகத்தைப் பார்த்துப் பேசினால் மரியாதை கெட்டுப்போகும் என்று யாரோ எப்போதோ சொல்லி வைத்தது. வயல் எல்லாம் கம்பெனியாகி, ஏரிக்கரை வரைக்கும் கன்டெய்னர் லாரி வந்து, ஊரே தலைகீழாகிவிட்டது. இது மட்டும் மாறவில்லை. மருமகன் கைக்கெட்டும் தூரத்தில் பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பான். "ஜூலி, அவுரு இன்னொரு இட்லி வெச்சிக்கிறாரான்னு கேளு" என்பாள். மகள் ஜூலி திரும்பி, "வெச்சிக்கிறியா?" என்பாள். அவன், "போதும்னு சொல்லு" என்பான். ஜூலி செல்போன் கம்பெனி ஷிப்டுக்குப் போயிருந்தால் என்னிடம் சொல்வாள். நான் முன்னறையில் வாடகைக்கு இருப்பவன். நானும் இல்லையென்றால் இட்லிக் குண்டானைப் பார்த்துச் சொல்வாள். எப்படியோ அவன் காதில் விழுந்துவிடும்.

வடக்குப்பட்டு போகிற ரோட்டில், கம்பெனி பஸ்கள் ஆள் ஏற்றுகிற இடத்தில் வீடு. வீட்டுக்கு முன்னால் தகர ஷெட்டு, அதன் கீழே நாஷ்டா கடை. காலையில் இட்லி, பொங்கல், வடகறி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபின் கோழிக் குழம்பு. வடகறிக்காகத்தான் கூட்டம் என்று சூசையம்மாள் நம்பிக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னால், கூட்டம் நிழலுக்கு வந்தது. ரோட்டை அகலப்படுத்தியபோது புளியமரங்கள் போய்விட்டன. பஸ் எப்போது வரும் என்று பஸ்காரனுக்கே தெரியாது. நிழல் இருக்கிற இடத்தில் ஆள் நிற்பான். நின்றவன் சும்மா நிற்கக் கூச்சப்பட்டு ஒரு டீயாவது சொல்வான். கணவர் ஆபிரகாம் போய்ச் சேர்ந்த பிறகு அந்தக் குடும்பம் அந்த நிழலில்தான் நின்றது.

ஷெட்டைப் போட்டவன் மருமகன் ஸ்டீவ். தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். கார் சீட்டுக்கு இரும்புச் சட்டம் செய்கிற கம்பெனியில் வெல்டிங் லைனில் வேலை. ஒட்டினது விட்டுப்போகக் கூடாது என்பதுதான் அங்கே வேதம். விட்டால் ரிஜெக்ட், அதற்கப்புறம் சூப்பர்வைசர் வாயிலிருந்து வருவதை எழுத முடியாது. ஜூலியைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டிலேயே தங்கிவிட்டதால், 'வூட்டோட மாப்ள' என்று ஊர் அவனை ஒரு மாதிரி பார்த்தது. அவன் லீவு நாட்களில் வெல்டிங் மிஷினை வாடகைக்கு எடுத்துவந்து ஷெட்டு போட்டான். தூண், உத்தரம், சட்டம் எல்லாம் ஒன்றோடு ஒன்று முழு வெல்டு. வீட்டுப் பக்கம் தூண் கிடையாது; சுவரில் இரும்புத் தகடுகளை அறைந்து, உத்தரத்தை அதோடு சேர்த்துப் பற்றவைத்தான். தகரத்தைப் பிடிக்கிற கொக்கி போல்ட்டைக்கூட விடவில்லை, அதன் மரையிலும் ஒரு பொட்டு வெல்டு. "காத்தும் கழத்த முடியாது, களவாணிப்பயலும் கழத்த முடியாது" என்றான்.

போன கார்த்திகைப் புயலில் அது உண்மையாயிற்று. எதிரே பஞ்சர் கடை தசரதனின் கூரை பறந்து ஏரிக்குள் போயிற்று. வரிசையில் ஒரு ஷெட்டு மிஞ்சவில்லை. ஸ்டீவ் போட்டது மட்டும் அப்படியே நின்றது. ஜனங்கள் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அன்றைக்கு சூசையம்மாள் கோழியின் தொடையை அவன் தட்டில் வைத்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி ஜூலியிடம் சொன்னாள்: "எங்க வூட்டு மாப்ள கை வெச்சா வெச்சதுதான்னு சொல்லு!" அதற்குப் பிறகு யாரும் வூட்டோட மாப்ள என்று இழுத்துப் பேசவில்லை.

அதே புயலில், ரோட்டின் அந்தக் கோடியில் யாருடைய ஷெட்டிலிருந்தோ கிளம்பிய தகரம் ஒன்று பைக்கில் போனவன் காலை முறித்துவிட்டது. அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது.

ஆவணி முடிகிற சமயம் ஊராட்சிச் செயலர் கோதண்டம் இட்லி சாப்பிட வந்தார். கை கழுவியதும் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"யக்கா, இத வாங்கிக்க. எல்லாருக்கும் தர்றேன், உனக்கு மட்டும் இல்ல."

"இன்னாது கோதண்டம்?"

"ரோட்டோரம் கீற ஷெட்டு எல்லாத்துக்கும் பர்மிஷன் வாங்கணும். மழ புடிக்கறதுக்குள்ள. இல்லாட்டி எடுத்துருவாங்க. பட்டா நகலு, வூட்டு வரி ரசீது, ஒரு பிளானு. யூனியன்லேர்ந்து இன்ஜினியர் மேடம் வந்து பாத்து சரின்னா சரி."

"எம்மாம் பெரிய புயலு! ஆடாம அசையாம நின்ன ஷெட்டுக்கு பர்மிஷன் வேணுமா? பறந்து போனவன கேளு போய்."

"பறந்து போனவங்கிட்ட இப்ப ஷெட்டு இல்லியே யக்கா, யார கேக்கறது?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சூசையம்மாளும் சிரித்துவிட்டுத் தாளைப் பொட்டுக்கடலை டப்பாவுக்கு அடியில் செருகினாள். அவளுக்குப் பயமே இல்லை. ஊரில் ஒரு ஷெட்டுக்கு பர்மிஷன் கிடைக்கும் என்றால் அது தன்னுடையதுதான் என்று இருந்தாள். ஸ்டீவ் ஒரு படி மேலே போய், கம்பெனி நண்பன் ஒருவனைப் பிடித்துப் பிளானைக் கம்ப்யூட்டரில் போட்டு, ஒவ்வொரு மூட்டிலும் 'முழு வெல்டு' என்று எழுத வைத்தான். சிவப்பு எழுத்தில்.

இன்ஜினியர் சசிரேகா ஒரு மத்தியானம் வந்தாள். சின்ன வயசு, கையில் டேப்பும் குடையும். டீ வேண்டாம், தண்ணீர் போதும் என்றாள். தூணைத் தட்டிப் பார்த்தாள். ஸ்டீவ் செகண்ட் ஷிப்டுக்குக் கிளம்பி நின்றவன், போகாமல் பின்னாலேயே நடந்தான்.

"வெல்டிங் நல்லா இருக்கு. யார் செஞ்சது?" என்றாள்.

"நாந்தான் மேடம். எந்தப் புயலுக்கும் அசையாது. போன வருசம் பாத்தியள்லா?"

"தகரத்தைக் கழட்டிக் காட்டுங்க."

"கழத்தவா? கழத்த முடியாது மேடம். அதுக்குத்தான அம்புட்டையும் பத்த வச்சிருக்கேன்."

சசிரேகா தாளைப் பார்த்தாள். "நீங்க மனு போட்டிருக்கிறது தற்காலிக நிழற்கூரைக்கு. தற்காலிகம்னா, புயல் எச்சரிக்கை வந்தா தகரத்தை இறக்கி வைக்க முடியணும். கழட்டவே முடியாதுன்னா அது கட்டடக் கணக்கு. கட்டடம்னா ரோட்டுலேர்ந்து தள்ளி இருக்கணும். தள்ளினா உங்க வீட்டுக்குள்ளதான் வரும்."

"பறக்காத கூரைய எதுக்கு மேடம் இறக்கணும்?"

அவள் டேப்பைச் சுருட்டினாள். வீட்டுச் சுவரில் அறைந்திருந்த இரும்புத் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன?"

அந்தப் பக்கம் என் அறை. உள்ளே கூட்டிப்போனேன். தகடு இருக்கிற உயரத்தில் வல்லக்கோட்டை முருகன் காலண்டர் தொங்கியது. அவளே அதைத் தூக்கினாள். பின்னால் விரிசல், மூலையிலிருந்து ஜன்னல் வரை சாய்வாக ஓடியது. ஒரு ரூபாய்க் காசு நுழையும்.

"எப்பலேர்ந்து இருக்கு?"

"போன வருசம்லேர்ந்து" என்றேன். "லாரி போற அதிர்ச்சின்னு நெனச்சோம்." லாரி என்று சொன்னது சூசையம்மாள்; காலண்டரை மாட்டியதும் அவள்தான். நான் கம்பெனியில் குறை பார்த்து ஒதுக்குகிற வேலையில் இருக்கிறேன். இருந்தாலும் வீட்டுக்காரம்மா சொன்னால் லாரிதான்.

சசிரேகா குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "காத்து கூரையத் தூக்கியிருக்கு. கூரை விடல, சுவரைப் புடிச்சு இழுத்திருக்கு. உங்க ஷெட்டு அசையல. வீடு அசைஞ்சிருக்கு. இன்னொரு புயல் வந்தா ரெண்டும் சேந்து வரும்."

வாசலில் நின்றிருந்த சூசையம்மாள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். ஸ்டீவ் விரிசலில் விரலை வைத்துப் பார்த்தான். பிறகு பஸ் ஏறிப் போய்விட்டான். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, அவன் முகம் அப்படித்தான் இருந்தது.

சசிரேகா சொல்லிவிட்டுப் போனது சுருக்கமான வேலைதான். சுவரிலிருந்து ஷெட்டை அறுத்துவிட வேண்டும். வீட்டுப் பக்கம் தனியாகத் தூண் நட்டு, குழியில் காங்கிரீட் போட வேண்டும். தகரத்துக்கு மரை போல்ட்டு மட்டும். ஸ்பேனர் வைத்தால் கழல வேண்டும். செய்தால் பர்மிஷன், இல்லையென்றால் இடிப்பு.

ஸ்டீவ் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. புரட்டாசி பிறந்தது. சாயங்காலம் ஆனால் தெற்கே இடி உறுமியது. எதிர்க்கடை தசரதன் போல்ட்டு வைத்த புது ஷெட்டுக்கு பர்மிஷன் வாங்கிக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டிவிட்டான். பஸ்ஸுக்கு நிற்கிறவர்களில் சில பேர் அந்தப் பக்கம் நகர ஆரம்பித்தார்கள். ஒரு நாள் சோற்றுக்கு முன்னால் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தபோது சூசையம்மாள் ஆரம்பித்தாள்.

"ஜூலி, இன்னா முடிவு பண்ணி கீறாருன்னு கேளு. மழ வந்துக்கினு கீது."

"அம்மா கேக்குதுல்ல? சொல்லேன்."

ஸ்டீவ் கருவாட்டுக் குழம்பைத் தொடாமல் இருந்தான். "நான் என் கையால அறுக்க மாட்டேன். வேற ஆள வச்சு அறுக்கச் சொல்லு."

"வேற ஆள வெச்சா ஊரு சிரிக்கும்னு சொல்லு."

"நான் அறுத்தா மட்டும் சிரிக்காதாக்கும்? பெரிசா வெல்டு வச்சான், அவனே உக்காந்து அறுக்கான்னு சொல்லுவானுவ. கை வச்சா வச்சதுதான்னு நீங்கதான சொன்னிய?" அவனையறியாமல் நேராக மாமியாரைப் பார்த்துக் கேட்டுவிட்டான். உடனே தட்டைப் பார்த்துக் குனிந்தான்.

சூசையம்மாளுக்கு வாய்வரை ஒன்று வந்தது. வழக்கம் தடுத்தது. எழுந்துபோய்ப் பானையை நகர்த்துகிற சாக்கில் டங்கென்று வைத்தாள்.

ஜூலிதான் பொறுமை இழந்தாள். "ரெண்டு பேரும் நடுவுல என்ன போஸ்ட்மேனா ஆக்கிட்டீங்க. நான் லைன்ல நின்னு கால் வீங்கி வர்றேன். இந்தா பாரு ஸ்டீவு, அந்த செவுத்த நம்பித்தான் நாம எல்லாரும் படுக்குறோம். வுழுந்தா உன் தலையிலயும்தான் வுழும். அறுக்கறியா, நான் தூத்துக்குடிக்கு உங்கம்மாவுக்கு போன் போடட்டுமா?"

அடுத்த லீவில் அவன் கிரைண்டரையும் வாடகை வெல்டிங் மிஷினையும் எடுத்துவந்தான். இரும்பை அறுக்கிற சத்தம் காலையிலிருந்து பொழுது சாயும் வரை கேட்டது. நெருப்புப் பொறி தெருவில் கொட்டியது. யாரும் சிரிக்கவில்லை, ஒருவன், "இன்னா மச்சான், பிரிக்கிறியா?" என்றதற்கு, பொறியை அவன் பக்கம் திருப்பிவிட்டான். புதுத் தூண் நட்டான். குழிக்கு ஜல்லி கொட்டும்போது நானும் ஒரு கை பிடித்தேன். சுவரின் விரிசலைக் கொத்தி சிமெண்டு பூசினான். தகரம் எல்லாவற்றுக்கும் மரை போல்ட்டு. வெல்டிங் மிஷினைத் திருப்பிக் கொடுக்கிறதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை ஏணி ஏறி, சுவரோர மூலைக்குப் போய், கொஞ்ச நேரம் எதையோ செய்துவிட்டு இறங்கினான். நான் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சசிரேகா மறுபடி வந்து அங்கங்கே ஸ்பேனர் வைத்துத் திருகிப் பார்த்தாள். மூலைக்கு எட்டவில்லை, விட்டுவிட்டாள். ஐப்பசி மழைக்கு முன்னால் பர்மிஷன் வந்தது. புயல் எச்சரிக்கை வந்தவுடன் தகரம் இறக்கப்பட வேண்டும், தகரம் பறந்தால் அனுமதி ரத்து என்று கோதண்டம் உரக்கப் படித்துக் காட்டினார். சூசையம்மாள் அதை மாதா படத்துக்குக் கீழே மாட்டினாள். கூட்டம் திரும்பி வந்தது. ஸ்டீவ் ஷெட்டுப் பக்கம் தலை தூக்கிப் பார்ப்பதை விட்டுவிட்டான். சாப்பிட்டான், போனான், வந்தான். அவ்வளவுதான்.

கார்த்திகையில், கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டுகிற சமயம், புயல் எச்சரிக்கை வந்தது. என் கம்பெனியில் லீவு விட்டுவிட்டார்கள். ஸ்டீவ் கம்பெனியில் ஆர்டர் நெருக்கடி, காலையில் போன லைன் ஆட்களை உள்ளேயே நிறுத்திக்கொண்டார்கள். ஜூலியையும் அவள் கம்பெனி ஹாஸ்டலிலேயே தங்கச் சொல்லிவிட்டார்கள். மத்தியானம் காற்று திசை மாறி, மண்ணை வாரிப் போட ஆரம்பித்தது.

சூசையம்மாள் புடவையை இழுத்துச் செருகினாள். "தம்பி, ஏணிய எடு."

"ஸ்டீவ் வரட்டுமேம்மா."

"அவரு வர்றதுக்குள்ள காத்து வந்துரும். ஸ்பேனர எந்தாண்ட திருப்பணும், அத மட்டும் சொல்லு."

சொன்னேன். முதல் மரைக்குத் திணறினாள், நாலைந்து கழற்றியதும் கை பழகிவிட்டது. "அட, டப்பா மூடி மாரி வருது!" என்று அவளே ஆச்சரியப்பட்டாள். நான் மேலே, அவள் மறு முனையில் பெஞ்சு மேல். பஸ்ஸுக்கு நின்ற ரெண்டு பெண்கள் தகரத்தை வாங்கி இறக்கினார்கள். எதிரே தசரதனும் இறக்கிக்கொண்டிருந்தான். வீட்டுக்குள் அடுக்கி, மேலே ஆட்டுக்கல்லையும் அரிசி மூட்டையையும் தூக்கி வைத்தோம்.

ஒரே ஒரு தகரம் வரவில்லை. சுவரோர மூலையில் ஒரு மரை சுற்றவே மாட்டேன் என்றது. தடவிப் பார்த்தேன். விரலுக்கு வழவழப்பாக ஒரு பொட்டு தட்டுப்பட்டது. வெல்டு.

கீழே பார்த்தேன். சூசையம்மாளுக்கு என் முகத்திலேயே தெரிந்துவிட்டது. "வெச்சிட்டாரா?" என்றாள். நான் தலையாட்டினேன். அவள் திட்டுவாள் என்று பார்த்தேன். "இறங்கு தம்பி, காத்து அடிக்குது. மத்த போல்ட்ட முடுக்கிட்டு வா" என்றாள்.

புயல் அன்றிரவு கரையைக் கடந்தது. விடிந்து பார்த்தபோது தூணும் சட்டமும் துணி உரித்த குடை மாதிரி நின்றன. என் அறைச் சுவரில் பூசின சிமெண்டு அப்படியே இருந்தது, ஒரு மயிரிழைகூடப் பிரியவில்லை. மூலையில் அந்த போல்ட்டும் இருந்தது, வெல்டும் இருந்தது. அதன் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகரத் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. மிச்சத் தகரத்தைக் காணோம்.

கரண்டு இல்லை. சூசையம்மாள் அடுப்பைப் பற்றவைத்து டீ போட்டுக்கொண்டிருந்தபோது கோதண்டம் வந்தார். டி.வி.எஸ்ஸின் பின்னால் கயிறு போட்டு, ஒரு நசுங்கின தகரத்தைத் தரையில் இழுத்துக்கொண்டு வந்தார். அந்தச் சத்தம் தெரு முனையிலிருந்தே கேட்டது.

"யக்கா, ஏரிக்கர மேல கெடந்துச்சு. நல்ல வேள, ஆளு யாரும் இல்ல. யாரோடது?"

கம்பெனி பஸ் அப்போதுதான் வந்து நின்றது. நனைந்த யூனிபாரத்தோடு ஸ்டீவ் இறங்கினான். தகரமில்லாத ஷெட்டைப் பார்த்து ரோட்டை ஓடிக் கடந்தவன், கோதண்டத்தையும் தகரத்தையும் கண்டு அப்படியே நின்றுவிட்டான்.

சூசையம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். "எங்களுதுதான் கோதண்டம். நாந்தான் சரியா கழட்டல. பொம்பள கை, ஸ்பேனரு புடிச்சி பழக்கம் இல்ல. தப்பு என்னுதுதான்."

கோதண்டம் அண்ணாந்து மூலையைப் பார்த்தார். வெல்டில் ஒட்டியிருந்த துண்டையும் பார்த்தார். "பறந்தா கேன்சல்னு படிச்சுக் காட்டினேனே யக்கா" என்றார்.

"சார்" என்றான் ஸ்டீவ். "அத்த மேல தப்பு இல்ல. நாந்தான் ஒண்ணே ஒண்ண மட்டும் பத்த வச்சேன்."

"ஏன்யா? மேடம் அவ்ளோ சொல்லியும்?"

"எல்லாத்தையும் அறுத்தாச்சு சார். நான் செஞ்சதுன்னு இந்த வீட்டுல ஒண்ணாவது கெடக்கட்டும்னு..." கண்ணைத் துடைத்தான்.

சூசையம்மாள் சுற்றிலும் பார்த்தாள். ஜூலி இல்லை. என்னைப் பார்த்தாள், நான் வேண்டுமென்றே டீத் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோதண்டத்திடம் சொல்ல முடியாது. அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மருமகன் எதிரில் போய் நின்றாள்.

"மாப்ள" என்றாள். "மத்த அத்தினி தகரத்தையும் நான் கழட்டனேன். நீங்க வெச்ச போல்ட்டு, டப்பா மூடி மாரி கழண்டு வந்துச்சு. வூட்ல ஒரு விரிசலு இல்ல. அதுவும் நீங்க செஞ்சதுதான? இதுக்குப் போயி கண்ணு கலங்கறீங்க?"

ஸ்டீவ் நிமிர்ந்து பார்த்தான். மூன்று வருஷத்தில் அந்தக் குரல் அவன் முகத்துக்கு நேராக வந்தது அதுதான் முதல் தடவை.

கோதண்டம் தொண்டையைச் செருமினார். "யக்கா, அந்த டீய குடு. நான் வந்து பாத்தத எழுதணும். டீ குடிச்சிட்டுத்தான் பாப்பேன். அப்போ எந்த மரையிலயும் வெல்டு இருக்கக் கூடாது." ரோட்டுப் பக்கம் திரும்பி, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

கரண்டு இல்லாமல் கிரைண்டர் ஓடாது. ஸ்டீவ் உள்ளே ஓடி, கைரம்பத்தை எடுத்துவந்தான். ஏணி சேற்றில் வழுக்கியது.

"ஏறுங்க மாப்ள, நான் புடிச்சிக்கறேன்" என்றாள் சூசையம்மாள்.

அவன் ஏறினான். அவன் வைத்த வெல்டு ஆயிற்றே, லேசில் விடவில்லை. ரம்பம் கீச்சிட்டது, இரும்புத் தூள் அவள் தலையில் விழுந்தது. அவள் ஏணியை விடவில்லை. நடுவில் ஒரு தடவை, "கைய பாத்து, கைய பாத்து" என்றாள். "சரி அத்த" என்றான் அவன். அடுத்த கம்பெனி பஸ் வந்து, ஆளை ஏற்றிக்கொண்டு போயிற்று. ரம்பம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

கோதண்டம் திரும்பவேயில்லை. தம்ளர் காலியாகி நேரமாகிவிட்டது. அவர் அதை வாயில் வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தார்.